வராத கடிகாரத்துக்கு விற்பனைக் கணக்கு

2014 ஜூன் மாதம் ராய்ட்டர்ஸ் ஒரு செய்தி வெளியிட்டது. ஆப்பிள் நிறுவனம் ஒரு கைக்கடிகாரம் செய்கிறது. தைவானின் குவான்டா கம்ப்யூட்டர் ஜூலையில் உற்பத்தியைத் தொடங்கும். திரை இரண்டரை அங்குலம் இருக்கும். முதல் ஆண்டில் 5 கோடி கடிகாரங்கள் அனுப்பப்படும் என்று ஆப்பிள் எதிர்பார்க்கிறது. அன்றைக்கு அந்தக் கடிகாரத்தை வெளியார் யாரும் பார்த்திருக்கவில்லை. அதன் பெயர் தெரியாது. ‘ஐவாட்ச்’ என்பது பத்திரிகைகள் சூட்டிய பெயர். விலை தெரியாது, அது எதற்குப் பயன்படும் என்பதும் தெரியாது. எத்தனை விற்கும் என்பதற்கு மட்டும் ஓர் எண் கிடைத்துவிட்டது.

பத்து மாதம் கழித்து, 2015 ஏப்ரல் 24 அன்று, ஆப்பிள் வாட்ச் முதல் வாடிக்கையாளர்களின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டு அளவுகளில் பெரியதன் உயரமே 42 மில்லிமீட்டர்தான்; இரண்டரை அங்குலத் திரைக்கு அதில் இடமில்லை. அந்த டிசம்பர் முடிய எத்தனை போயிருக்கும் என்பதற்குச் சந்தை ஆய்வு நிறுவனமான ஐ.டி.சி. தந்த மதிப்பீடு 1 கோடியே 16 லட்சம். கனாலிஸ் தந்தது 1 கோடியே 20 லட்சம். கால அளவில் இருக்கும் சில மாத வித்தியாசத்தைச் சரிக்கட்டினாலும், 5 கோடி என்ற எண் பக்கத்தில் வரவில்லை.

ஒரு செய்தி பொய்த்துப்போனது என்பதோடு இதை விட்டுவிடலாம். எனக்கு அப்படி விட மனமில்லை. 2013 முதல் 2015 வரை இந்தக் கடிகாரத்தைப் பற்றி நடந்த ஊகம், வரப்போகும் ஒரு பொருளை நாம் எப்படி எடைபோடுகிறோம் என்பதை முழுமையாகக் காட்டும் நிகழ்வு. படித்தவர்கள், பணம் போட்டவர்கள், தொழில் தெரிந்தவர்கள் எல்லோரும் அதில் இருந்தார்கள். முதலில் மிகையாகக் கணித்தார்கள். பிறகு அவசரப்பட்டுத் தோல்வி என்றார்கள். இரண்டும் ஒரே இடத்திலிருந்து வந்த பிழைகள் என்பது என் முடிவு. எத்தனை விற்கும் என்று கேட்ட அளவுக்கு, எதற்காக ஒருவர் இதைக் கட்டிக்கொள்வார் என்று யாரும் கேட்கவில்லை.

தடயங்கள்

கைக்கடிகாரத்துக்குள் கணினியை அடக்கும் ஆசை புதிதல்ல. 1980களில் கேஸியோவின் கால்குலேட்டர் வாட்ச் பள்ளிக்கூடங்களில் பொறாமையைக் கிளப்பியது. 2003இல் பில் கேட்ஸ் அறிமுகப்படுத்திய மைக்ரோசாஃப்ட் ‘ஸ்பாட்’ கடிகாரங்கள், பண்பலை வானொலி அலைவழியாக வானிலையும் செய்தியும் வாங்கிக் காட்டின. 2008இல் விற்பனை நின்றது. 2010 செப்டம்பரில் ஆப்பிள் சதுர வடிவ ஐபாட் நானோவைக் கொண்டுவந்தபோது, அதைப் பட்டையில் பொருத்தி மணிக்கட்டில் கட்டிக்கொள்ளப் பலர் விரும்பினார்கள். அந்தப் பட்டையைச் செய்வதற்கென்றே மக்களிடம் நிதி திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் ஒருவர் 9 லட்சம் டாலருக்கு மேல் திரட்டினார். கம்பெனி யோசிப்பதற்கு முன்பே வாங்குகிறவர்கள் யோசித்துவிட்ட அபூர்வமான தருணம் அது.

அடுத்தது பெபிள் என்ற கடிகாரம். 2012 ஏப்ரலில் எரிக் மிகிகோவ்ஸ்கி ஒரு லட்சம் டாலர் கேட்டு கிக்ஸ்டார்ட்டரில் நின்றார். கிட்டத்தட்ட 69,000 பேர் சேர்ந்து ஒரு கோடி டாலருக்கு மேல் கொடுத்தார்கள். கறுப்பு வெள்ளைத் திரை, செல்போனுக்கு வரும் தகவலை மணிக்கட்டில் காட்டும் வசதி, ஒரு வாரம் வரை தாங்கும் பேட்டரி. இவ்வளவுதான் அதில் இருந்தது. இதற்கே இவ்வளவு வரவேற்பு என்றால் ஆப்பிள் செய்தால் எப்படியிருக்கும் என்ற கேள்வி அங்கிருந்து கிளம்பியது.

2013 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ், வளைந்த கண்ணாடியில் கடிகாரம் போன்ற ஒரு கருவியை ஆப்பிள் பரிசோதிப்பதாக எழுதியது. அதே வாரத்தில் சுமார் 100 பேர் அதில் வேலை செய்வதாக புளூம்பெர்க் எழுதியது. அந்த மே மாதம் நடந்த டி11 மாநாட்டில், நைக்கி ஃபியூல்பேண்ட் என்ற உடற்பயிற்சிப் பட்டையைக் கையில் கட்டிக்கொண்டு வந்த ஆப்பிளின் தலைமை நிர்வாகி டிம் குக், மணிக்கட்டு சுவாரசியமான இடம் என்றார். ஜூலை தொடக்கத்தில், ‘ஐவாட்ச்’ என்ற பெயருக்கு ஜப்பானில் ஆப்பிள் விண்ணப்பித்திருப்பது வெளிவந்தது. ஆனால் அந்தப் பெயரை அது கடைசிவரை சூட்டவே இல்லை.

இந்தத் தடயங்களைப் பின்னோக்கிப் பார்த்தால் அவற்றின் தரம் ஒரேமாதிரி இல்லை என்பது தெரிகிறது. காப்புரிமை விண்ணப்பங்கள் அநேகமாக ஏமாற்றின. கையில் அடித்தால் சுருண்டு ஒட்டிக்கொள்ளும் பட்டைத்திரை என்று 2013இல் வெளியான விண்ணப்பம் எந்தப் பொருளாகவும் ஆகவில்லை. தைவானிலிருந்தும் கொரியாவிலிருந்தும் வந்த உதிரிபாகச் செய்திகள் பாதி சரி, பாதி தவறு. உண்மையில் கவனித்திருக்க வேண்டியது ஆப்பிள் யாரை வேலைக்கு எடுத்தது என்பதைத்தான். ஒரு கம்பெனி வாய்விட்டுச் சொல்லாததை அதன் சம்பளப் பட்டியல் சொல்லிவிடும். 2013இல் ஈவ் செங் லோரன் என்ற ஆடம்பர ஆடை நிறுவனத்தின் தலைவர் பால் தெனவ் ஆப்பிளுக்கு வந்தார். பர்பெரியின் தலைவர் ஏஞ்சலா ஆரென்ட்ஸ் கடைகளுக்குப் பொறுப்பேற்க வந்தார். டாக் ஹாயர் கடிகாரக் கம்பெனியின் விற்பனை அதிகாரி ஒருவரும் வந்தார். இன்னொரு கதவு வழியாக வேறு வகை ஆட்கள் நுழைந்தார்கள்: உடற்பயிற்சி வல்லுநர்கள், உணர்கருவிப் பொறியாளர்கள், விரலில் மாட்டி ரத்த ஆக்சிஜன் பார்க்கும் கருவிகளைச் செய்யும் மாசிமோ கம்பெனியின் தலைமை மருத்துவ அதிகாரி.

ஒரு கூட்டம் நகைக்கடைக்காரர்கள். மற்றொரு கூட்டம் மருத்துவ உலகைச் சேர்ந்தவர்கள். அன்றைய ஊகக்காரர்களில் பாதிப்பேர் முதல் கூட்டத்தைப் பார்த்து இது ஆபரணம் என்றார்கள். மீதிப்பேர் இரண்டாவதைப் பார்த்து இது ஆஸ்பத்திரி என்றார்கள். இரண்டு தரப்பும் பார்த்தது உண்மையைத்தான். எது என்று ஆப்பிளே முடிவு செய்யாமல் இரண்டுக்கும் ஆள் எடுத்திருக்கிறது என்று யாருக்கும் தோன்றவில்லை. மாசிமோவிலிருந்து வந்த தடயம் எவ்வளவு கனமானது என்பது பத்தாண்டு கழித்து வழக்கில் தெரிந்தது. தன் காப்புரிமையை ஆப்பிள் மீறியதாக அந்தக் கம்பெனி தொடுத்த வழக்கில், அமெரிக்கப் பன்னாட்டு வணிக ஆணையம் 2023இல் இறக்குமதித் தடை விதித்தது. 2024 ஜனவரியிலிருந்து அமெரிக்காவில் விற்ற ஆப்பிள் வாட்சுகளில் ரத்த ஆக்சிஜன் அளக்கும் வசதியை ஆப்பிள் முடக்க வேண்டிவந்தது.

எண் எங்கிருந்து வந்தது

5 கோடி, 3 கோடி என்ற எண்கள் கடிகாரத்தைப் பார்த்து வந்தவை அல்ல, ஆப்பிளைப் பார்த்து வந்தவை. அன்றைய நிலைமையை நினைத்துப் பாருங்கள். 2011 அக்டோபரில் ஸ்டீவ் ஜாப்ஸ் இறந்தார். 2012 செப்டம்பரில் 700 டாலரைத் தொட்ட ஆப்பிள் பங்கு, அடுத்த ஏப்ரலில் 400க்குக் கீழே போனது. ஐபேடுக்குப் பிறகு புது வகைப் பொருள் எதுவும் வரவில்லை. புதிதாக ஏதாவது செய்ய இன்னும் 60 நாள்தான் இருக்கிறது, இல்லையென்றால் கம்பெனி காணாமல் போகும் என்று 2014 மார்ச்சில் ஓர் ஆய்வாளர் தொலைக்காட்சியில் கெடு வைத்தார். அவர் பெயர் ட்ரிப் சௌத்ரி. ஆப்பிள் அதற்குப் பின்னும் நன்றாகவே இருந்தது. ஆனால் அந்தப் பதற்றம் அவர் ஒருவருடையதல்ல, சந்தை முழுவதிலும் அது இருந்தது.

2013 நிதியாண்டில் ஆப்பிளின் வருமானம் 17,000 கோடி டாலருக்கு மேல். 350 டாலர் விலையில் ஒரு கோடி கடிகாரம் விற்றால் 350 கோடி டாலர் வரும். மொத்தத்தில் 2 சதவீதம். பங்கு விலையை அது அசைக்காது. அசைக்க வேண்டுமானால் 5 கோடி விற்க வேண்டும். அப்போது 10 சதவீதம் வரும். பொருளின் தன்மையைப் பார்த்து எண்ணுக்கு வருவதற்குப் பதிலாக, தேவைப்பட்ட எண்ணிலிருந்து பொருளை நோக்கி நடந்தார்கள் என்று நான் நினைக்கிறேன். எவரும் பொய் சொல்லவில்லை. பெரிய கம்பெனியின் புதுப் பொருள் பெரிதாக இருந்தாக வேண்டும் என்ற எதிர்பார்ப்பு, கணக்குப் போடத் தொடங்குமுன்பே அவர்கள் மனத்தில் உட்கார்ந்திருந்தது.

கணக்குப் போட்ட முறையும் அதற்குத் துணைபோனது. ஐபோன் வைத்திருப்பவர்கள் இத்தனை கோடி, அவர்களில் பத்தில் ஒருவர் கடிகாரம் வாங்கினால் இத்தனை கோடி. அந்தப் பத்தில் ஒன்று ஐபோன், ஐபேட் இவற்றின் முதலாண்டு விற்பனையைப் பார்த்து எடுத்தது. மார்கன் ஸ்டான்லி வங்கி முதல் பன்னிரண்டு மாதத்துக்கு 3 கோடி என்று கணித்தது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சரிதான். ஆனால் இவர்கள் பக்கத்து அடுப்பிலிருந்த பானையில் சோறு எடுத்து நசுக்கிவிட்டு, இந்தப் பானை வெந்துவிட்டது என்றார்கள். ஐபோன் வந்தபோது எல்லோர் பையிலும் ஏற்கெனவே ஒரு செல்போன் இருந்தது. ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்தால் போதும். கடிகாரத்தின் கதை தலைகீழ். செல்போனிலேயே மணி தெரிகிறது என்று ஒரு தலைமுறை கைக்கடிகாரத்தைக் கழற்றிவிட்டிருந்தது. கழற்றியவரை மறுபடி கட்டச் சொல்ல வேண்டும். தினமும் ராத்திரி சார்ஜ் போடச் சொல்ல வேண்டும். அதற்கு முன் அவரிடம் ஐபோன் 5 அல்லது அதற்குப் பிந்தைய போன் இருக்க வேண்டும்.

ஆய்வாளர்கள் மிகையாகப் போனதற்கு ஒரு பழைய காயமும் காரணம். 2010இல் ஐபேட் வந்தபோது பெரும்பாலோர் குறைத்துக் கணித்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் கிட்டத்தட்ட ஒன்றரைக் கோடி விற்றது. ஒருமுறை குறைத்துச் சொல்லி வெட்கப்பட்டவர் அடுத்தமுறை கூட்டித்தான் சொல்வார்.

மறுபக்கம், ஏற்கெனவே சந்தையில் இருந்த கடிகாரங்களைப் பார்த்தவர்கள் கணக்கை மிகவும் சுருக்கினார்கள். 2013 செப்டம்பரில் வந்த சாம்சங் கேலக்ஸி கியர், முதல் இரண்டு மாதத்தில் 8 லட்சம் போனதாக அந்தக் கம்பெனி சொன்னது. அது கடைகளுக்கு அனுப்பிய எண்ணிக்கை, மக்கள் வாங்கிய எண்ணிக்கை அல்ல. கூகுளின் ஆண்ட்ராய்டு வேர் கடிகாரங்கள் 2014 முழுவதும் எல்லா பிராண்டுகளும் சேர்ந்து 7 லட்சத்து 20 ஆயிரம்தான் என்றது கனாலிஸ். இரண்டு பானைகளுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று ஃபார்ச்சூன் இதழ் 2015இல் திரட்டிய பட்டியல் காட்டியது. முதலாண்டுக் கணிப்பில் மிகக் குறைந்தது 80 லட்சம், மிக அதிகம் 4 கோடிக்கு மேல், சராசரி சுமார் 2 கோடியே 25 லட்சம். ஒரே பொருள், ஒரே விலைப்பட்டியல், ஒரே தகவல்கள். விடைகளுக்கிடையே ஐந்து மடங்கு வித்தியாசம். அந்த நிலையில் சராசரி எடுப்பதில் எந்த அறிவும் கூடிவிடாது. குறைத்துச் சொன்னவர்கள் பக்கத்தில்தான் உண்மை இருந்தது.

தங்கக் கணக்கு

ஊகம் எப்படிச் சாதாரணக் கூட்டல் கழித்தலைக்கூட மறக்கச் செய்யும் என்பதற்குத் தங்கக் கடிகாரத்தைவிட நல்ல உதாரணம் இல்லை. 2014 செப்டம்பர் 9 அன்று கூபர்டினோவின் ஃப்ளின்ட் சென்டரில், 1984இல் ஜாப்ஸ் மேக்கின்டாஷைக் காட்டிய அதே அரங்கில், குக் ஆப்பிள் வாட்சைக் காட்டினார். மூன்று வகை: அலுமினியம், எஃகு, 18 காரட் தங்கம். தொடக்க விலை 349 டாலர். தங்கத்தின் விலையை மட்டும் சொல்லவில்லை. ஆறு மாதம் அந்த மௌனத்தைச் சுற்றியே எழுதினார்கள். 2015 பிப்ரவரியில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல், முதல் காலாண்டுக்கு 50 முதல் 60 லட்சம் கடிகாரங்களுக்கு ஆப்பிள் ஆர்டர் கொடுத்திருப்பதாக எழுதியது. அடுத்த காலாண்டில் தங்க வகை மட்டும் மாதம் 10 லட்சத்துக்கு மேல் தயாராகும் என்றும் எழுதியது.

நம் வீடுகளில் பவுன் கணக்குப் போட்டுப் பழகிய எவரும் உடனே நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். ஒரு கடிகாரத்துக்கு 30 கிராம், அதாவது நாலு பவுனுக்குச் சற்றுக் குறைவு என்றே வைத்துக்கொள்வோம். மாதம் 10 லட்சம் என்றால் ஆண்டுக்கு ஒரு கோடியே 20 லட்சம். 360 டன் தங்கம். உலகச் சுரங்கங்கள் எல்லாம் சேர்ந்து ஓராண்டில் வெட்டியெடுப்பது சுமார் 3,000 டன். பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஒரு கம்பெனி ஒரு கடிகாரத்துக்காக வாங்கினால் தங்கச் சந்தை என்னவாகும்? இப்படிக் கணக்குப் போட்டுக் காட்டியவர்கள் அன்றே இருந்தார்கள். ஆனால் அந்த எண் அதற்குள் ஊரைச் சுற்றிவிட்டது. மார்ச் 9 அன்று விலை வந்தது: 10,000 டாலரிலிருந்து 17,000 டாலர் வரை. அடுத்த ஆண்டு செப்டம்பரில் தங்க வகை விற்பனையிலிருந்தே போய்விட்டது. அதன் இடத்துக்குப் பீங்கான் வந்தது. சில ஆண்டுகளில் பழசாகப்போகும் மின்னணுச் சில்லை, தலைமுறை தாண்டி நிற்கும் தங்கத்துக்குள் வைத்தால் யார் வாங்குவார் என்ற கேள்வியை நகை வாங்கிப் பழகியவர்கள் முதல்நாளே கேட்டிருப்பார்கள்.

ஊகத்தின் செலவு காகிதத்தோடு போவதில்லை. சஃபையர் கண்ணாடி செய்ய அரிசோனாவின் மேசா நகரில் பெரிய ஆலை நடத்திய ஜி.டி. அட்வான்ஸ்டு டெக்னாலஜீஸ் கம்பெனிக்கு, 2013 நவம்பரில் ஆப்பிள் 57 கோடியே 80 லட்சம் டாலர் முன்பணம் தர ஒப்பந்தம் போட்டது. புது ஐபோனின் திரையும் கடிகாரமும் அந்தக் கண்ணாடியில்தான் வரும் என்று நம்பி ஏராளமான சிறு முதலீட்டாளர்கள் அந்தப் பங்கை வாங்கிக் குவித்தார்கள். ஐபோன் 6இல் சஃபையர் திரை வரவில்லை. 2014 அக்டோபர் 6 அன்று கம்பெனி திவால் மனு கொடுத்தது. வெள்ளிக்கிழமை 11 டாலராக இருந்த பங்கு திங்கட்கிழமை ஒரு டாலருக்குக் கீழே முடிந்தது. 5 கோடி, 3 கோடி என்று எழுதியவர்களுக்கு எந்த நஷ்டமும் இல்லை. மேசாவில் வேலை போனவர்களுக்கும் சேமிப்பைப் போட்டவர்களுக்கும் இருந்தது. இதை நினைக்கும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

தோல்வி என்று சொன்ன கோடை

விற்பனை தொடங்கியதும் ஊகம் நின்றிருக்க வேண்டும். இங்கே அது இன்னும் வேகமெடுத்தது. காரணம் ஆப்பிள்தான். 2014 அக்டோபரிலேயே, கடிகார விற்பனையைத் தனியாகச் சொல்லமாட்டோம், ‘இதர பொருள்கள்’ என்ற தலைப்பில் சேர்த்துவிடுவோம் என்று அறிவித்திருந்தது. போட்டியாளர்களுக்குத் தகவல் போகக்கூடாது என்று குக் காரணம் சொன்னார். அன்றிலிருந்து இன்றுவரை எத்தனை ஆப்பிள் வாட்ச் விற்றது என்பதற்கு அந்தக் கம்பெனி சொன்ன எண்ணே கிடையாது. இந்தக் கட்டுரையில் வரும் ஆப்பிள் வாட்ச் விற்பனை எண்கள் எல்லாமே வெளியார் மதிப்பீடுகள்தாம்.

அந்த வெற்றிடத்தில் ஸ்லைஸ் இன்டெலிஜென்ஸ் என்ற நிறுவனம் நுழைந்தது. அமெரிக்கர்கள் பலருடைய மின்னஞ்சலுக்கு வரும் ரசீதுகளைப் படித்துக் கணக்கெடுக்கும் நிறுவனம் அது. முதல்நாள் முன்பதிவு அமெரிக்காவில் மட்டும் 10 லட்சத்தை நெருங்கியது என்றது. ஜூலையில், தொடக்க வாரத்தோடு ஒப்பிட்டால் விற்பனை 90 சதவீதம் விழுந்துவிட்டது என்றது. மறுநாளே கடிகாரம் தோற்றது என்று உலகெங்கும் தலைப்புகள் வந்தன. கவனிக்கவேண்டிய இரண்டு விஷயங்களைப் பலர் தவறவிட்டார்கள். முதல் வாரத்தில் குவிந்தது மாதக்கணக்கில் காத்திருந்தவர்களின் முன்பதிவு. எந்தப் பொருளுக்கும் அதற்குப் பின் சரிவுதான். இரண்டாவது, ஜூன் மாதம் ஆப்பிள் கடைகளில் நேரில் விற்பனை தொடங்கியது. கடையில் வாங்கியவரின் ரசீது அந்த மின்னஞ்சல் வலையில் விழாமல் போக வாய்ப்பு அதிகம்.

ஜூலை 21 அன்று காலாண்டுக் கணக்கு வந்தது. ‘இதர பொருள்கள்’ வருமானம் முந்தைய காலாண்டைவிட 95 கோடியே 20 லட்சம் டாலர் கூடியிருந்தது. அந்தத் தலைப்பில் ஐபாட் போன்றவை குறைந்துகொண்டிருந்ததால் கடிகாரத்தின் பங்கு அதைவிட அதிகம் என்று குக் விளக்கினார். முதல் ஒன்பது வாரத்தில் ஐபோனும் ஐபேடும் அவற்றின் தொடக்கத்தில் விற்றதைவிட அதிகம் என்றார். ஏப்ரல், மே மாதங்களைவிட ஜூனில் அதிகம் போனதாகவும் சொன்னார். அந்தக் காலாண்டுக்கு ஐ.டி.சி. போட்ட மதிப்பீடு 36 லட்சம். அடுத்த ஆண்டு ஏப்ரலில், முதல் பன்னிரண்டு மாதத்துக்கு ஒரு கோடியே 20 லட்சம் என்ற மதிப்பீட்டை வால் ஸ்ட்ரீட் ஜர்னல் மேற்கோள் காட்டியது. முதல் ஐபோன் அதன் முதலாண்டில் விற்றதைப்போல இரண்டு மடங்கு அது. 5 கோடி என்ற அளவுகோலை முதலில் நட்டுவைத்ததால் இது தோல்வியாகத் தெரிந்தது. அந்த எண் வெளிவராமலே இருந்திருந்தால் இதே விற்பனையை எல்லோரும் வெற்றி என்றிருப்பார்கள்.

எதற்கு என்ற கேள்வி

2015 ஏப்ரலில் வயர்டு இதழ் கடிகாரம் உருவான கதையை உள்ளிருந்தவர்களிடம் கேட்டு எழுதியது. ஜாப்ஸ் இறந்த சில நாள்களிலேயே ஆப்பிளின் வடிவமைப்பாளர் ஜானி ஐவ் கடிகாரத்தைப் பற்றிக் கனவுகாணத் தொடங்கியிருந்தார். மென்பொருளைக் கவனிக்க அடோபியிலிருந்து கெவின் லிஞ்ச் வந்தார். கடிகாரம் செய்வது என்று முதலில் முடிவாயிற்று. அது எதற்குப் பயன்படும் என்பதை அதற்குப் பிறகே தேடினார்கள் என்பதுதான் அந்தக் கட்டுரையில் என்னை நிறுத்திய இடம். வெளியே இருந்தவர்கள் எத்தனை விற்கும் என்று ஊகித்துக்கொண்டிருந்தபோது உள்ளே இருந்தவர்கள் எதற்கு என்று ஊகித்துக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே இருந்தவர்களின் ஊகமும் தவறியது. முதல் கடிகாரத்தில் பக்கவாட்டுப் பொத்தான் ஒன்று இருந்தது. அதை அழுத்தினால் நண்பர்களின் முகங்கள் வட்டமாக வரும். அவர்களுக்கு விரலால் படம் வரைந்து அனுப்பலாம், மெல்லத் தட்டலாம், உங்கள் இதயத்துடிப்பையே அனுப்பலாம். ஒரு பொத்தானை முழுதாக ஒதுக்கும் அளவுக்கு அதை முக்கியம் என்று நினைத்தார்கள். 2016இல் வாட்ச்ஓ.எஸ். 3 என்ற புது மென்பொருள் வந்தபோது அந்த வட்டம் போய்விட்டது. முதல் ஆண்டில் ஓடிவந்து செயலி செய்த பெரிய கம்பெனிகளும் சத்தமில்லாமல் விலகின: 2017இல் கூகுள் மேப்ஸ், அமேசான், ஈபே; 2018இல் இன்ஸ்டாகிராம்.

பயனைக் கண்டுபிடித்தது கட்டிக்கொண்டு திரிந்தவர்கள். ஓடினார்கள், நீந்தினார்கள், எத்தனை நேரம் உட்கார்ந்தே இருந்தோம் என்று பார்த்தார்கள், இதயத்துடிப்பு ஏறுவதைக் கவனித்து மருத்துவரிடம் போனார்கள். கம்பெனி அவர்கள் பின்னால் நடந்தது. 2016இல் தண்ணீரில் தாங்கும் உடலும் ஜி.பி.எஸ்ஸும் வந்தன. 2017இல் செல்போன் இல்லாமலே பேசும் வசதி வந்தது. 2018இல் கீழே விழுந்தால் கண்டுபிடிக்கும் வசதியும், அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் அனுமதியோடு இ.சி.ஜி.யும் வந்தன. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் ஆப்பிள் வாட்ச் அணிந்த 4 லட்சத்துக்கு மேற்பட்டவர்களைக் கொண்டு நடத்திய ஆய்வு 2019 நவம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியானது. அவர்களில் 0.52 சதவீதம் பேருக்குத்தான் துடிப்பின் தாளம் தப்புவதாக எச்சரிக்கை போனது. ஆரோக்கியமானவர்களை இந்தக் கடிகாரம் வீணாகப் பயமுறுத்தி ஆஸ்பத்திரிகளை நிரப்பிவிடும் என்ற அச்சத்தை அந்தச் சிறிய எண் வெகுவாகக் குறைத்தது.

விற்பனையும் அப்போதுதான் எழுந்தது. 2019இல் 3 கோடியே 7 லட்சம் ஆப்பிள் வாட்ச் போனதாகவும், அதே ஆண்டில் சுவிஸ் கடிகாரங்கள் அனைத்தும் சேர்ந்து 2 கோடியே 11 லட்சம் என்றும் ஸ்ட்ராட்டஜி அனலிட்டிக்ஸ் மதிப்பிட்டது. 2014இல் மார்கன் ஸ்டான்லி சொன்ன 3 கோடி நாலு ஆண்டு தாமதமாக வந்து சேர்ந்தது. அதை அவர்கள் கணிப்பின் வெற்றி என்று நான் சொல்லமாட்டேன். அவர்கள் கணித்தது நண்பர்களுக்குத் துடிப்பு அனுப்பும் நகையை. 3 கோடி விற்றது உடம்பைக் கவனிக்கும் கருவி.

சுவிட்சர்லாந்து அழிந்துவிடும் என்ற ஊகத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 1969இல் ஜப்பானின் செய்கோ விட்ட குவார்ட்ஸ் கடிகாரம் அடுத்த பதினைந்து ஆண்டில் சுவிஸ் கடிகாரத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினரின் வேலையைக் கொண்டுபோனது என்பதால் பயத்துக்கு நியாயம் இருந்தது. எல்.வி.எம்.எச். குழுமத்தின் கடிகாரங்களுக்குத் தலைவராக இருந்த ழான் குளோத் பிவேர், ஆப்பிள் வாட்ச் மாணவர் வரைந்ததுபோல இருக்கிறது என்றார். 2015 நவம்பரில் அவரே டாக் ஹாயர் பெயரில் 1,500 டாலர் ஸ்மார்ட்வாட்ச் கொண்டுவந்தார். நடந்தது இரண்டு தரப்பும் நினைக்காதது. 2014இல் 2 கோடியே 86 லட்சமாக இருந்த சுவிஸ் ஏற்றுமதி 2023இல் 1 கோடியே 69 லட்சமாகக் குறைந்தது. மதிப்போ 2,220 கோடி ஃபிராங்கிலிருந்து 2,670 கோடியாக ஏறியது. விலை குறைந்த கடிகாரம் செய்தவர்கள் இடத்தை இழந்தார்கள், விலை உயர்ந்தது செய்தவர்கள் இன்னும் உயர்ந்தார்கள். டாட்டாவும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சி நிறுவனமும் சேர்ந்து ஓசூரில் தொடங்கிய டைட்டன்கூட 2016இலேயே எச்.பி.யோடு சேர்ந்து ‘ஜக்ஸ்ட்’ என்ற ஸ்மார்ட்வாட்சை விட்டுப் பார்த்தது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பது இங்கேயும் தெரிந்திருந்தது.

அடுத்த ஊகம்

2024இல் உலக ஸ்மார்ட்வாட்ச் விற்பனை முதல் முறையாகக் குறைந்தது. மொத்தம் 7 சதவீதம், ஆப்பிள் 19 சதவீதம் என்றது கவுன்டர்பாயின்ட். இருக்கும் கடிகாரமே போதும் என்று மக்கள் நினைக்கத் தொடங்கியதும், சந்தை பழையபடி வராத ஒன்றைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டது. தோலைக் குத்தாமல் ரத்தச் சர்க்கரை பார்க்கும் கடிகாரம். இந்த ஊகம் முதல் கடிகாரத்துக்கும் முந்தியது. ஜாப்ஸ் காலத்திலேயே தொடங்கிய முயற்சி என்றும், செய்ய முடியும் என்று நிரூபிக்கும் கட்டத்தை எட்டியிருக்கிறது என்றும் 2023 பிப்ரவரியில் புளூம்பெர்க் எழுதியது. அது வந்தால் எத்தனை கோடி விற்கும் என்ற கணக்குகள் இப்போதே கிளம்பியிருக்கின்றன.

இந்தமுறை எதற்கு என்ற கேள்விக்கு விடை தெரியும். அதனால்தான் இந்த ஊகத்தை இன்னும் பொறுப்போடு கையாள வேண்டும் என்கிறேன். சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிலையம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலோடு சேர்ந்து நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. வதந்தியைப் பங்குச் சந்தைக்காரர் ஒருவிதமாகப் படிப்பார். காலையில் விரலில் குத்திக்கொள்பவர் வேறுவிதமாகப் படிப்பார். தோலைக் குத்தாமல் சர்க்கரை அளப்பதாகச் சொல்லும் எந்தக் கடிகாரத்தையும் மோதிரத்தையும் நம்ப வேண்டாம், அப்படி எதற்கும் அனுமதி தரவில்லை என்று 2024 பிப்ரவரியில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்தது.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். பதினெட்டு வருடமாகச் சர்க்கரை. “ஆப்பிள்காரன் செய்யறான்னு பேப்பர்ல போட்டிருந்தானே தம்பி, அதே வசதி இதுலயும் இருக்காம்” என்று, இணையத்தில் இரண்டாயிரத்துச் சொச்சத்துக்கு வாங்கிய ஒரு கடிகாரத்தைக் காட்டினார். ஒரு மாதமாக விரலில் ஊசி குத்திப் பார்ப்பதை நிறுத்தியிருந்தார். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. கடிகாரம் 108 காட்டியது. பக்கத்து வீட்டிலிருந்து கருவியும் பட்டையும் வாங்கி வந்து விரலில் குத்திப் பார்த்தோம். 231. அவர் ஒன்றும் பேசவில்லை. கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, அலமாரியின் மேல்தட்டுக்குப் போயிருந்த குளுக்கோமீட்டர் பையை எட்டி எடுத்தார்.